ஊர்ப் புத்தகத்தில் என் பெயர்

நியூ ஜெர்சியில் நாங்கள் வீடு வாங்கிய ஊருக்குத் தபால்காரர் கிடையாது. அவரவர் தபால் ஆபீசுக்குப் போய், அவரவர் எண் போட்ட பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நூற்றைம்பது வீடுகூட இல்லாத ஊர். காலை பத்து மணிக்குப் போனால் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். பார்ப்பதற்காகவே போனார்கள். எனக்கு யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும்போதே பெட்டியைத் திறந்து இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

எங்கள் ஆட்கள் எல்லாரும் எடிசன் என்ற ஊர்ப் பக்கம் இருந்தார்கள். கடை, கோயில், வீடியோ கேசட் எல்லாம் அங்கேதான். நான் ஆபீசுக்குப் பதினைந்து நிமிஷத்தில் போகலாம் என்று இந்த ஊரில் வாங்கினேன். எடிசனில் என் நண்பன் ஒருவன், என்னோடு கோயம்புத்தூரில் படித்தவன், பார்க்கும்போதெல்லாம் கேட்பான்.

"ஊர்ப் பட்டிக்காடு வேண்டாம்னுதான அமெரிக்கா வந்த? இங்கயும் ஒரு பட்டிக்காட்டத் தேடிப் புடிச்சிருக்க பாரு."

பட்டிக்காடுதான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கப்பலேறி வந்து, ஓடையை மறித்து மாவு மில் கட்டி, விட்டுவந்த கிராமத்தின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். மில் போய்விட்டது. மறித்த தண்ணீர் குளமாக நிற்கிறது. நடுவில் ஒரு புல்வெளி. ஒரு பக்கம் வெள்ளைச் சர்ச், அதன் பின்னால் கல்லறைத் தோட்டம். எதிரே தபால் ஆபீஸ். அதற்கு அடுத்தது தீயணைப்பு நிலையம். தீயணைப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பிளம்பரும் வாத்தியாரும் கடைக்காரரும் சங்கு ஊதினால் ஓடிவந்து வண்டியை எடுப்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் அங்கே எல்லாருக்கும் தோசை மாதிரி ஒன்று சுட்டுச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கொடுப்பார்கள். ஜூனில் சர்ச் வளாகத்தில் ஸ்ட்ராபெர்ரி விருந்து. முதல் வருஷம் மனைவி கூப்பிட்டாள் என்று போனேன். அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கு எப்போது கிளம்பலாம் என்றிருந்தது.

இரண்டாவது வருஷம் அவள் உண்டானாள். மாமியார் டிசம்பரில் வருவதற்கு டிக்கெட் எடுத்திருந்தார். அக்டோபரிலேயே, ஏழாம் மாதம், குழந்தை பிறந்துவிட்டது. பெண். மூன்று நாள் இருந்தது.

இதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. நான் அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். ஆபீசுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. லீவு இருந்தது. போனேன்.

மனைவிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் விடவில்லை. இன்னும் நாலு நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். ஆக, செய்ய வேண்டியதை நான்தான் செய்ய வேண்டும். மாமியார் போனில் சொன்னார்.

"மாப்பிள்ளை, பச்சப் புள்ளைய எரிக்கக் கூடாதுங்க. பொதைக்கணும். கல்லு கில்லு ஒண்ணும் நட வேண்டாம். ஒரு கை மண்ணு, ஒரு வாய் பாலு, அவ்வளவுதான். திரும்பிப் பாக்காம வந்துருங்க. எடத்தக்கூட அவகிட்டச் சொல்லாதீங்க. அப்பத்தான் அவ மறப்பா."

எடிசன் நண்பன் வேறு வழி சொன்னான். "டர்ன்பைக் ஹைவே பக்கத்துல பெரிய செமட்டரி ஒண்ணு இருக்குடா. ஃப்யூனரல் ஹோம்காரனே எல்லாம் பாத்துப்பான். நீ சைன் மட்டும் பண்ணு. ட்ரக் சத்தம் கேக்கும், ஆனா வேற தொந்தரவு இல்ல."

மனைவியிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பத் தூரமா கொண்டு போயிடாதீங்க," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதனால் தபால் ஆபீசுக்குப் போனேன். ஊரில் எனக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கனத்த குரல். கடிதத்தைக் கொடுக்கும்போதே அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். கல்லறைத் தோட்டத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். என்னைத்தான், என்றார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். எழுந்து போய்க் கதவில் மூடியிருக்கிறது என்ற அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டு வந்தார்.

பின்னாலிருந்த இரும்பு அலமாரியிலிருந்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்தார். தோல் அட்டை போட்டது. அந்த ஊரில் புதைக்கப்பட்ட எல்லாருடைய பெயரும் அதில் இருக்கிறது, கப்பலில் வந்தவர்கள் முதல்.

"நாங்கள் உங்கள் சர்ச் கிடையாது," என்றேன்.

"தபால் பெட்டி இருக்கிறதல்லவா?"

"இருக்கிறது."

"அப்போது ஊர்க்காரர்தான்," என்றார். பேனாவைத் திறந்தார். "பெயர்?"

"பெயர் இல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வழக்கத்தில் பதினோராம் நாள்தான் பெயர் வைப்போம், மூன்று நாளில் வைப்பதில்லை என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்குக் கோபம் வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரிக்கு இதையெல்லாம் எதற்கு நான் சொல்ல வேண்டும்.

"இந்தப் புத்தகத்தில் பெயர் இல்லாமல் ஒருவரும் இல்லை," என்றார். "ஒரு நாள் இருந்ததற்கும் பெயர் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் எதை வாசிப்பது?"

எதை வாசிப்பது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். "என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள்," என்றேன். தாளைத் திருப்பி இடம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதினார். அது பெண் குழந்தைக்கு வைக்காத பெயர் என்று அவருக்கு எப்படித் தெரியும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நானும் நண்பனும் நின்றோம். பிளம்பர்தான் குழி வெட்டியிருந்தார். அவர்தான் தீயணைப்புக்காரர்களுக்கும் தலைவர். பெட்டி ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சர்ச் மணி ஒரு தடவை அடித்தது. ஒரே ஒரு தடவை. அந்த ஊரில் யாராவது செத்தால் அவர்கள் வயதுக்கு எத்தனை வருஷமோ அத்தனை தடவை அடிப்பார்கள். எண்பது அடித்தால் எந்தக் கிழவர் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஒரு வயது ஆகாததற்கு ஒன்று. அது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அப்போது மணி ரிப்பேர் என்று நினைத்தேன்.

மணியைக் கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏழெட்டுப் பேர். ஒருவர் முகத்தில் பாதிச் சவர நுரை. யாரையும் நான் கூப்பிடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

நண்பன் காதருகில் சொன்னான். "பாலு எங்கடா?"

டம்ளரில் கொண்டுவந்து காரிலேயே வைத்திருந்தேன். போய் எடுத்துவந்தேன். நேராக ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது, கையில் சில்லென்று இருந்தது. ஊற்றினேன். மண் போட்டேன். திரும்பி நடந்தேன். அவர்கள் கை கொடுக்க நீட்டினார்கள். பிணம் புதைத்த இடத்தில் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. நான் யார் கையையும் தொடாமல் காருக்குப் போய்விட்டேன். நண்பன் பின்னால் ஒவ்வொருவரிடமும் சாரி சாரி என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

"நீ பாட்டுக்குப் போற. அவங்க என்ன நெனப்பாங்க?"

"நெனச்சுட்டுப் போறாங்க."

அன்று மாலை வீட்டு வாசலில் பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. கண்ணாடித் தட்டு, பீங்கான் தட்டு, மேலே அலுமினியத் தாள். மக்ரோனி, கோழி, என்னவென்றே தெரியாத ஒன்று. வாசல் மணியை அடித்துவிட்டு, வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மொத்தம் ஒன்பது. நான் ஒன்றையும் சாப்பிடவில்லை. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். கழுவும்போது பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டு நாடாவில் சொந்தக்காரர் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். நம் வழக்கத்தில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியாது. சாவு வீட்டிலிருந்து எதையும் போட்டுக் கொடுக்கவும் கூடாது. என்ன செய்வது என்று தெரியாமல் கராஜில் அடுக்கி வைத்தேன். ஐந்து மாதம் அங்கேயே இருந்தன. அந்த ஐந்து மாதமும் ஊரில் ஒன்பது வீட்டில் என்னைத் திருடன் என்று நினைத்திருப்பார்கள். தபால் ஆபீஸ் அம்மாள் ஒரு தடவை, அவருடைய நீலத் தட்டு பத்திரமாக இருக்கிறதா என்று நேராகவே கேட்டுவிட்டார்.

மனைவி வீட்டுக்கு வந்தாள். மாமியார் சொன்னபடி இடத்தைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அவள் முதல் நாளே தபால் ஆபீசுக்கு நடந்து போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அது அப்போது எனக்குத் தெரியாது. நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சண்டை இல்லை. குழம்பில் உப்பு சரியா, கார் டயரில் காற்று இருக்கிறதா, இதைத்தான் பேசினோம். மாமியார் வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனார். அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மனைவி கராஜிலிருந்து பாத்திரங்களை எடுத்துவந்தாள். தேங்காய் பர்ஃபி கிளறி, ஒன்பதிலும் அடியில் ஒரு வரிசை வைத்து, பெயர் பார்த்து வீடு வீடாக நடந்து போய்க் கொடுத்தாள். நான் கார் எடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நாலு மணி நேரம் ஆயிற்று திரும்பி வர. அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்குத் தபால் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள்.

ஏப்ரலில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மே மாசம் கடைசி மண்டே லீவு வருதுல்ல. அன்னிக்கு சர்ச் பின்னாடி எல்லாரோட பேரும் வாசிப்பாங்களாம்."

"எல்லாரும்னா?"

"பொதைச்சிருக்கற எல்லாரும். மொத ஆளுல இருந்து. வருஷா வருஷம் செய்வாங்களாம். நம்ம பாப்பாவோடதும் வரும்னு போஸ்ட் ஆபீஸ்ல சொன்னாங்க." கரண்டியை வைத்தாள். "புக்குல என்ன பேரு குடுத்தீங்க?"

"பேருதான் வைக்கலையே. பேபின்னு போட்டிருப்பாங்க," என்றேன்.

பொய். சாதாரணமாக வந்துவிட்டது. மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன்.

மறுநாள் ஆபீசுக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று தபால் ஆபீஸ் கவுன்ட்டர் திறக்கும்வரை நின்றேன். புத்தகத்தில் இருக்கிற பெயரை அடிக்க வேண்டும் என்றேன். அடிக்க முடியாது என்றார் அந்த அம்மாள். மில் ஓடிய காலத்தில் ஒரு தகப்பன், தன்னோடு சண்டை போட்டுக்கொண்டு போய்ச் செத்த மகனின் பெயரை அடிக்கச் சொன்னானாம். அடித்தார்கள். அதற்குப் பிறகு பாதி ஊர் மீதி ஊரோடு இரண்டு தலைமுறை பேசவில்லை. ஒரே சர்ச்சில் இரண்டு வாசல் வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது வாசல் இன்னும் இருக்கிறது, நீயே பார்த்திருப்பாய் என்றார். அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தில் யாரையும் அடிப்பதில்லை.

"கீழே சேர்த்து எழுதலாம்," என்றார். "என்ன பெயர்?"

என்னிடம் ஏது பெயர். வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்க வேண்டும். கேட்டால் பொய் வெளியே வரும். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அடுத்த ஐந்து வாரமும் பழையபடி விடியற்காலையிலேயே போய்த் தபாலை எடுத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை வெயில் நன்றாக இருந்தது. மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் வண்ணத்தாள் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் ஓரத்தில் நின்றோம். பத்து மணிக்குப் பிளம்பர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து புத்தகத்தைத் திறந்தார். தபால் ஆபீஸ் அம்மாள் பக்கத்தில் நின்று தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டார்.

வெறும் பெயர்கள். வேறு ஒன்றும் இல்லை. தேதி இல்லை, ஜெபம் இல்லை. அப்பன் பெயரே மகனுக்கு, மகன் பெயரே பேரனுக்கு. சில வீடுகளில் ஒரு குழந்தை செத்தால் அடுத்ததற்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அதுவும் செத்து, அடுத்ததும் அதே பெயரில். ஒரே பெயரை நாலு தடவை தொடர்ந்து வாசித்தார். மனைவி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சேர்ந்தது எங்களுடையது. கடைசியில்தான் வரும்.

வந்தது. பிளம்பர் என் பெயரை வாசித்தார்.

சரியாக வாசித்தார். எங்கள் வீட்டில் வெந்நீர் டேங்க் மாற்றியபோது பில்லில் எழுதிய பெயர்தானே. வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நிமிர்ந்து கூட்டத்தில் தேடி, ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். இன்னும் நாலைந்து பேர் திரும்பினார்கள். நான் கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றேன். அவர் புத்தகத்தை மூடினார்.

வீட்டுக்கு நடந்தோம். குளத்தைத் தாண்டியதும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க பேரு," என்றாள்.

"ம்."

"பேபின்னு சொன்னீங்க."

"பேரு இல்லைன்னா எழுத மாட்டேன்னுச்சு அந்தம்மா. அந்த நேரத்துல நான் என்ன பண்றது?"

"பேரு இருந்துச்சு." அவள் குரல் உயரவில்லை. "மூணு நாளும் அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள கைய விட்டு, அதச் சொல்லித்தான் கூப்பிட்டேன். நர்ஸுக்குத் தெரியும். ரூம் கூட்ட வர்ற அம்மாவுக்குக்கூடத் தெரியும்."

"என்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கவே இல்ல," என்றாள். பிறகு, "இப்பவும் கேக்கல பாருங்க," என்றாள்.

உண்மை. அப்போதும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து புல் வெட்டினேன்.

இரண்டு நாள் கழித்துத் தபால் ஆபீஸ் அம்மாள் ஆபீசுக்கே போன் செய்தார். "உன் மனைவி வந்து எழுதிவிட்டுப் போனாள். உங்கள் எழுத்திலும் எங்கள் எழுத்திலும் எழுதியிருக்கிறாள். பார்க்க வேண்டுமென்றால் வா."

மீட்டிங் இருக்கிறது என்றேன்.

போகவில்லை. ஒரு வருஷம் போகவில்லை. தபால் ஆபீசில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. வீட்டில் கேட்டிருந்தால் அதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டதில், கேட்பதற்கு வெட்கமாகிவிட்டது. ஒன்றாகச் சாப்பிட்டோம், ஒன்றாகப் படுத்தோம், காரில் எடிசனுக்குப் போய்ப் பருப்பும் புளியும் வாங்கிவந்தோம். பக்கத்து சீட்டில் இருக்கிறவளுக்குத் தெரிந்த என் மகளின் பெயர் எனக்குத் தெரியாது.

அடுத்த மே மாதம் மறுபடி நின்றோம். பிளம்பர் என் பெயரை வாசித்தார். இந்தத் தடவை யாரும் திரும்பவில்லை, பழகிவிட்டது. பிறகு அதன் கீழே இருந்ததை வாசித்தார். தடுமாறினார். முதல் எழுத்தை இழுத்து, நடுவில் நிறுத்தி, கடைசியைத் தப்பாகச் சொன்னார். என் மகளின் பெயரை நான் முதல்முதலாகக் கேட்டது அப்படித்தான், குழி வெட்டின பிளம்பரின் வாயால், உடைந்து உடைந்து. மனைவி சன்னமாகச் சரியாகச் சொன்னாள். எனக்காகச் சொன்னாளா, பிளம்பருக்காகச் சொன்னாளா தெரியாது. பிளம்பர் காதில் விழுந்து, திருத்தி இன்னொரு தடவை வாசித்தார்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு மகன் பிறந்தான். பிறந்த அன்றே பெயர் வைத்தேன். பதினோராம் நாள் வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று மாமியார் போனில் கேட்டார். பதினோராம் நாளாவது மண்ணாவது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நாள் அவர் என்னோடு பேசவில்லை.

இரண்டாயிரத்தில் வேலை மாறி டெக்சாஸ் வந்தோம். ரவுண்ட் ராக்கில் புது வீடு. தெருவில் பாதி எங்கள் ஆட்கள். தபால் வாசலுக்கே வருகிறது. இந்த இடத்துக்கு வரலாறு என்று ஒன்றும் இல்லை, நாங்கள் வருவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை மாடு மேய்ந்த நிலம். மகனுக்கு அக்கா இருந்தது தெரியும். யாராவது கேட்டால் அதையும் ஆங்கிலத்தில்தான் சொல்லுவான்.

கிளம்புகிற வாரம் தபால் பெட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெட்டி போனால் ஊர்க்காரர் இல்லையே, புத்தகத்தில் என்ன ஆகும் என்று கேட்டேன். "அடிப்பதில்லை என்று சொன்னேனே," என்றார் அந்த அம்மாள். சாவியை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டார்.

ஆகவே வருஷத்துக்கு ஒரு நாள், செத்தவர்களின் வரிசையில், அங்கே என் பெயரை வாசிக்கிறார்கள். எங்களுக்குப் பிறகும் சிலர் சேர்ந்திருப்பார்கள், நாங்கள் இப்போது கடைசி இல்லை. அங்கே மணி பத்து என்றால் இங்கே ஒன்பது. இந்த வருஷம் அந்தத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மனைவி மிக்சியை நிறுத்திவிட்டுச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் டிவியை அணைத்தேன். மகன் ஏன் என்று கேட்டான். கொஞ்ச நேரம் சும்மா இரு என்றேன். அங்கே என் பெயரை வாசித்திருப்பார்கள் என்று தோன்றும்வரை காத்திருந்து, அதற்கு அடுத்ததை மனதுக்குள் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பிறகு அவள் மிக்சியைப் போட்டாள்.